மூன்று அங்குலம் கேட்டு இரண்டில் நின்றது: காரைக்குடிப் பட்டைப் பட்டறை ஒன்றின் மதிப்புரை

காரைக்குடியிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், ஊர் முடிவதற்குச் சற்று முன்பாக, ஒடிந்த லாரிப் பட்டைகளை, அதாவது வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த இரும்பு ஸ்பிரிங் தகடுகளை, ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. கொடுக்கும் துண்டுச் சீட்டிலும் பெயர் அச்சடிக்கப்படவில்லை. ஆகவே பெயரில்லாமலேயே அந்தப் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். என் பிக்கப்பின் சஸ்பென்ஷனை இறக்கிக் கட்டும் வேலையை அங்கே ஒப்படைத்து ஏறத்தாழ ஐந்து மாதமாகிறது. முதல் நாளே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். முதல் மாத முடிவில் எழுதியிருந்தால் இரண்டு. இப்போது நான்கு போடுகிறேன். அந்த ஏற்ற இறக்கத்துக்கான காரணங்கள்தாம் இந்த மதிப்புரை.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் இடிக்கப்படும் வீடுகளின் தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் வாங்கி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதும், ஆத்தங்குடியிலிருந்து பூக்கல் என்னும் பூவேலைத் தரைக்கல் ஏற்றி வீடு கட்டுவோருக்கு இறக்கிக் கொடுப்பதும் என் தொழில். வண்டி இரட்டைக் கேபின் டீசல் பிக்கப். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் ஐந்து பட்டை. கம்பெனிப் பெயரைச் சொன்னால் பேச்சு எந்தக் கம்பெனி உயர்ந்தது என்ற சண்டையில் போய் முடியும் என்பதால் அதனை விட்டுவிடுகிறேன். வெறும் வண்டியாக நிற்கும்போது அதன் பின்புறம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். சுமை ஏறினால் மட்டமாக வேண்டும் என்பதற்காகவே பிக்கப்களை அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சுமையை ஏற்றும் நேரத்தில் வண்டி வெறுமையாகத்தானே இருக்கிறது? என் வண்டியின் பாடித் தளம் தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில் இருந்தது. என்னோடு வரும் சுமைக்காரர்கள் இருவருக்கும் ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டது. நிலையோடு கூடிய கதவு ஒன்றை இடுப்புக்கு மேல் தூக்கித் தளத்தில் வைக்கும்போது அவர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகுதான் மூன்று அங்குலம் இறக்கிவிடலாம் என்ற எண்ணம் வந்தது. அழகுக்காக இறக்குபவர்கள் உண்டு; எனக்கு அந்த ஆசை இல்லை.

பட்டறையில் எனக்கு முதலில் பிடித்தது, பெரியவர் உடனே ஜாக்கியை எடுத்துக்கொண்டு வராமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததுதான். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கீழே தொங்குகிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும் என்று அவர் விளக்கினார். பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைத்து, பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டை நீளமானதாகப் போட்டு இறுக்கினால், கட்டையின் தடிமன் அளவுக்கு வண்டி இறங்கிவிடும். பட்டை மேலே இருக்கும் என் வண்டியில் அதே கட்டையை வைத்தால் வண்டி இறங்காது, உயர்ந்துவிடும். இணையத்தில் கட்டை ஜோடியாக விற்கிறார்களே என்று நான் வாங்கிப் போயிருந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே அவர் திருப்பிக் கொடுத்தார். பட்டையை ஆக்சிலுக்குக் கீழே மாற்றிக் கட்டுவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் ஆக்சில் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து ஒரேயடியாக இறங்கிவிடும், ஐந்து அங்குலத்துக்குக் குறையாது, சேசிஸை வெட்ட வேண்டிய நிலைகூட வரலாம் என்றார். ஒரு பட்டையைக் கழற்றிவிடுவது சுலபம்; ஆனால் சுமை தாங்கும் வலுவும் அதோடு போய்விடும், கல் ஏற்றும் வண்டிக்கு அது ஆகாது. மிஞ்சியது ஒன்றுதான்: பட்டைகளின் வளைவைக் குறைப்பது. பட்டையின் எண்ணிக்கையும் தடிமனும் நீளமும் மாறாததால் அதன் விறைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நிற்கும் உயரம் மட்டும் குறையும்.

வேறொரு கடையில் கேஸ் கொண்டு சூடேற்றி அரை மணி நேரத்தில் வளைத்துத் தருவதாகச் சொன்னதை நான் குறிப்பிட்டபோது அவர் முகம் சுளித்தார். “பட்டைக்கு நெருப்பைக் காட்டுனா பதம் போயிரும் தம்பி. அப்புறம் அது பட்டை இல்ல, தகரம்,” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே வேலையை அங்கே கொடுத்தேன். முன்பக்கத்துக் காயிலை ஒரு சுற்று அறுத்துவிடலாமா என்று கேட்டதற்கும் அதே முகச்சுளிப்புதான் பதிலாகக் கிடைத்தது. அறுத்த காயில் முன்பைவிட விறைத்துப்போகும். அறுத்த முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாமல், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் நழுவவும் கூடும்.

வேலை நடந்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டைக் கட்டைப் பிரித்து மெயின் பட்டையைச் சிமெண்டுத் தரையில் விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி, அதன் வளைவைச் சாக்கட்டியால் வரைந்துகொண்டார்கள். பிறகு நடுவில் எவ்வளவு குறைய வேண்டுமோ அந்த அளவில் உள்ளே இன்னொரு கோடு. இரண்டு இரும்புத் திண்டுகளுக்கு இடையில் பட்டையைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் இடுக்கியால் விரலகலம் விரலகலமாக நகர்த்திக்கொண்டே போக, மற்றவர் சம்மட்டியால் ஒரே சீராக அடித்தார். சூடு கிடையாது, வெறும் அடிதான். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை பட்டையைக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பதும், எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே இன்னும் இரண்டு தட்டு தட்டுவதுமாக ஒரு பட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இடமும் வலமுமாகப் பத்துப் பட்டைகள். கோர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் கிராபைட் கலந்த கிரீஸ் தடவி, புதிய சென்டர் போல்ட், புதிய யூ போல்ட் போட்டு, நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினார்கள். பட்டை நுனியின் வளையமான கண்ணிலும், அதைச் சேசிஸோடு இணைக்கும் ஆடுதகடான ஷாக்கிளிலும் உள்ள புஷ் (ரப்பர் உறை) போல்ட்களை மட்டும் கையால் நிறுத்தி வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு அதன் பிறகே முழு இறுக்கம் கொடுத்தார் பெரியவர். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே காலம் தள்ளி, சீக்கிரம் கிழிந்துபோகும்.

முன்பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் குட்டையான காயில் ஜோடியையும், நான்கு சக்கரத்துக்கும் குட்டை ஷாக் அப்சார்பர்களையும் நான் வெளியூரிலிருந்து தருவித்திருந்தேன். உயரம் குறைந்த வண்டியில் பழைய ஷாக்கையே விட்டால் அது பாதி அமுங்கிய நிலையிலேயே நின்று, பெரிய பள்ளத்தில் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளும். விற்றவர் பின் ஷாக்குக்குத் தவறான கண் அளவை அனுப்பி, அதைத் திருப்பி மாற்றி வாங்குவதற்குள் பத்து நாள் வீணானது தனிக்கதை. காயில் மாற்றும் வேலையைப் பட்டறையில் இருந்த இளைஞர் செய்தார். அமுக்குக் கருவியை முறையாகப் பூட்டித்தான் செய்தார், அதில் குறையில்லை.

உயரத்தை அளக்கும் முறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றின் அளவுக்கேற்ப எண் மாறும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் வேலைக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிவைத்திருந்தேன், பட்டறைக்காரர்கள் எழுதவில்லை. பின்னால் வந்த தகராறுகளில் பாதி அந்தச் சீட்டினால் தீர்ந்தது.

வண்டி வெளியே வந்த அன்று நிற்கும் அழகே தனியாகத்தான் இருந்தது. தளம் 30 அங்குலத்துக்கு வந்துவிட்டது. வெறும் வண்டியாகத் தேவகோட்டை வரை ஓட்டிப் போய் வந்து பெரியவருக்கு ஒரு வேட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே ஆத்தங்குடியில் எட்டுக்கு எட்டு அங்குலப் பூக்கல் ஏறத்தாழ 600 கிலோ ஏற்றினேன். கற்களை வைக்கோல் பரப்பி, விளிம்பில் நிறுத்தித்தான் அடுக்குவோம். படுக்கவைத்தால் அடிக்கல் மேல்கல்லின் எடையில் விரிசல் விடும். காரைக்குடிக்கு வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒட்டுப்போட்ட ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து ‘டம்’ என்று ஓர் அடி. இறக்கிப் பார்த்தபோது பதினொரு கல்லுக்கு மூலை போயிருந்தது. வழக்கமாக ஒன்றோ இரண்டோ போகும். கல்லின் நட்டத்தை விடவும், அந்த ‘டம்’ ஓசைதான் இரவில் தூங்கவிடவில்லை.

மறுநாள் பெரியவர் செய்த சோதனை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. ஊருணிக் கரையிலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த ஈரக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, ஆக்சில் மேலே வந்து மோதாமல் தாங்குவதற்காகச் சேசிஸின் கீழே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டு, அதே அளவு சுமையோடு கோட்டையூர் வரை போய்வரச் சொன்னார். திரும்பி வந்தபோது இரண்டு உருண்டைகளும் தோசைபோலத் தட்டையாகியிருந்தன. கணக்கும் அதையே சொன்னது. முன்பு வெறும் வண்டியில் ஆக்சிலுக்கும் ரப்பருக்கும் இடையே ஐந்து அங்குலம் இருந்தது. மூன்று அங்குலம் இறக்கியதில் மிச்சம் இரண்டு. 600 கிலோவுக்குப் பட்டை அமுங்குவதும் ஏறத்தாழ இரண்டு. அதாவது சுமையோடு கிளம்பும்போதே ஆக்சில் ரப்பரில் உட்கார்ந்துவிட்டது. பள்ளம் வந்தால் போக இடமில்லை. பட்டையின் விறைப்பு மாறாது என்பதில் மகிழ்ந்திருந்த நான், அது நகர்வதற்கான இடம் குறைந்துவிட்டதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மூன்று அங்குலம் கேட்டது என் பேராசை. ஆனால் சுமையின் அளவைக் கேட்டுக்கொண்டு, இந்தக் கணக்கை முன்னமே போட்டுச் சொல்லியிருக்க வேண்டியது பட்டறையின் பொறுப்பு. இதற்காகத்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

பட்டைகளை மறுபடியும் பிரித்து ஓர் அங்குல வளைவைத் திருப்பிக் கொடுத்தார்கள்; அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. ரப்பரையும் முக்கால் அங்குலம் குட்டையானதாக மாற்றினார்கள். ரப்பரைக் குட்டையாக்கும் முன்பு, சக்கரம் முழுவதுமாக மேலே போனால் டயர் மட்கார்டில் உரசுகிறதா, ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டுகிறதா என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்தார்கள், இடமிருந்தது. மறுபடியும் களிமண் உருண்டை, மறுபடியும் கோட்டையூர். இம்முறை ஒரு பக்க உருண்டையில் மட்டும் லேசான தழும்பு விழுந்திருந்தது. நானும் ஒரு நடைக்கு 500 கிலோவுக்கு மேல் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்தது அதிர்வு. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் தேனீக் கூட்டம் புகுந்தது போல ஒரு நடுக்கம். எண்பதைத் தாண்டினால் குறையும். டயரை முன்பின் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அதே வேகத்தில் நியூட்ரலில் உருளவிட்டபோதும் நடுக்கம் இருந்ததால் எஞ்சின் காரணமில்லை என்று தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது கூடியதால் சந்தேகம் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாப்ட்டின் மேல் விழுந்தது. பட்டை தட்டையாகும்போது அதன் கண்ணுக்குக் கண் நீளம் கூடி, பின்புற ஷாக்கிள் சாய்ந்து, பட்டைக் கட்டு முழுவதும் சற்றே திரும்பிவிடுகிறது. அதன்மேல் பூட்டியிருக்கும் ஆக்சிலின் மூக்கும் கூடவே திரும்புகிறது. கியர்பாக்ஸின் வாயும் ஆக்சிலின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஷாப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் எனும் மூட்டுகள் இரண்டும் ஒன்றின் துள்ளலை மற்றொன்று சரிக்கட்டும். பட்டறைக்காரர்கள் இதனை அறிந்துதான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு டிகிரி ஆப்புத் தகடு ஒன்றை வைத்திருந்தார்கள். ஆனால் தடித்த பக்கம் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே மெல்லிய பக்கம் இருந்தது. கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியை ஷாப்ட் பூட்டும் இரண்டு பிளேஞ்சிலும் (தட்டையான முகப்பு) வைத்துப் பார்த்தபோது நான்கு டிகிரி வித்தியாசம் காட்டியது: இருந்த இரண்டோடு, தகடு கொடுத்த இரண்டும் சேர்ந்த கணக்கு. தகட்டைத் திருப்பி வைத்ததும் தேனீக்கள் பறந்துவிட்டன.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல். தகட்டைத் திருப்புவதற்காகக் கழற்றிய யூ போல்ட்களையே மறுபடி போட்டு இறுக்கினார்கள். ஒருமுறை முழு இறுக்கம் கண்ட யூ போல்ட் சற்றே நீண்டு, மரையும் களைத்திருக்கும். அதைக் கழற்றினால் புதியது போடுவதே முறை. கேட்டதற்கு “எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க அண்ணே,” என்றார் இளைஞர். என் செலவில் புதியது வாங்கிக் கொடுத்தேன். வண்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறையும், 500 ஓடியதும் ஒருமுறையும் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் முறை கால் சுற்று ஏறியது, இரண்டாம் முறை அசையவில்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் எவரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. என் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. பின் ஆக்சிலையும் சேசிஸையும் இணைக்கும் ஒரு சிறு கம்பி, சுமையின் அளவை ஒரு வால்வுக்குச் சொல்லும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வண்டியை இறக்கிவிட்டால், வெறும் வண்டியையே அந்த வால்வு சுமை ஏற்றிய வண்டி என்று நம்பிவிடும். குன்றக்குடி அருகே ஒரு தூறல் நாளில் பிரேக்கை மிதித்தபோது பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் பக்கம் அரை அடி வழுக்கியது. அன்றுதான் இப்படி ஒரு கம்பி இருப்பதே எனக்குத் தெரியும். வெறும் வண்டியில் பழையபடி எந்தச் சாய்வில் நிற்க வேண்டுமோ அந்தச் சாய்வுக்குக் கம்பியின் பிடிப்பை மாற்றி, பின்னர் பிரேக் வேலை மட்டுமே செய்யும் இன்னொருவரிடம் அழுத்தமானி வைத்துச் சோதித்துக்கொண்டேன். பட்டைப் பட்டறைக்கு இது தெரிந்திருக்க வேண்டுமா என்றால், வண்டியை இறக்கும் வேலையை ஏற்றுக்கொள்பவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

மற்றவை சில்லறை. முன் வலப்பக்கம் அரை அங்குலம் தூக்கி நின்று கிரீச்சிட்டது. இளைஞர் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கியதுதான் காரணம், தரையில் நிறுத்தித் தளர்த்தி மறுபடி இறுக்கியதும் அடங்கியது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் இறங்கியதால் ஹெட்லைட் மேல்நோக்கி, எதிரே வருபவர்கள் எல்லாம் டிம் அடித்துத் திட்டினார்கள். திருகைத் திருப்பி இறக்கினேன். காயில் படிவதற்காக 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் அலைன்மென்ட் பார்த்தபோது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, ஒன்றரை டிகிரி உள்ளே சாய்ந்திருந்தது. அரையாகக் குறைத்து, சக்கரங்கள் முன்னோக்கி நிற்கும் கோணமான டோவையும் சரிசெய்தார்கள். முன்னமே பார்த்திருந்தால் இன்னொரு முறை காசு கொடுக்க நேர்ந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றிப் பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடமுண்டு. நான் இதையெல்லாம் வேலை முடிந்த பிறகே படித்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். கழற்றிய காயில்களையும் ஷாக்குகளையும் எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொன்னால் திருப்பி மாட்டிவிடுவேன். என்னைப் போலப் பின்புத்தியோடு இல்லாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பட்டறைக்குப் போவது நல்லது.

கூலி 6,500 ரூபாய். காயிலும் ஷாக்கும் 17,000. இரண்டு முறை யூ போல்ட், ரப்பர், ஆப்புத் தகடு, அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து இன்னொரு 5,200. தளம் இப்போது 31 அங்குலத்தில் நிற்கிறது. இரண்டு அங்குலத்துக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்டார்கள். பூக்கல் ஏற்றும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது என்று சுமைக்காரர்கள் சொல்கிறார்கள். நிலையோடு வரும் பெரிய கதவுக்கு இன்னும் மூன்றாவது ஆள் வேண்டித்தான் இருக்கிறது. சென்ற வாரம் ஏற்றிய நடையில் உடைந்தது ஒரு கல், அதுவும் இறக்கும்போது என் கை தவறி விழுந்தது.

பட்டறைக்குப் போக நினைப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பத்துக்கு மேல் புதுவயல் நெல் லாரிகள் வரிசை கட்டிவிடும், பிறகு பிக்கப்புக்கு மரியாதை கிடையாது. பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு வண்டியை விடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.